துரைசானிக்கு வைத்திருந்த முடிச்சு

திருடியதை எவனாவது வாசலில் தொங்கவிடுவானா? கோட்டைக்காரர்களுக்கு இந்த ஒரு கேள்விகூடவா தோன்றவில்லை?

புருஷன் பேரைச் சொல்லக் கூடாது. இனிமேல் சொன்னால்தான் என்ன? அங்கமுத்து. முகத்துவாரத்தில் அவர் வலை இழுக்கும்போது ஒரு வெள்ளைக்காரரின் பிணம் சிக்கியது. ஒல்லாந்துக் கோட்டையில் வேலை பார்த்த துரை, முந்தின நாள் காற்றில் படகு கவிழ்ந்து போனவர். இவர் அன்றைக்குப் பட்ட மீனையெல்லாம் கடலிலேயே கொட்டிவிட்டு, பிணத்தைக் கோட்டை வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

கோட்டைக்குப்பத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடலில் செத்தவன் உடம்பில் இருப்பதைத் துணியில் முடிந்து, எடுத்தவன் தன் வீட்டு வாசலில் தொங்கவிட வேண்டும். செத்தவனின் பெண்டாட்டி வந்து கேட்டதும் அவள் கையில்தான் கொடுக்க வேண்டும். வேறு யாரிடம் கொடுத்தாலும் செத்தவன் கரை சேரமாட்டான். என் மாமனாரின் அரைஞாண்கூட மாமியார் கைக்கு அப்படித்தான் வந்தது.

துரையின் மோதிரத்தையும் வெள்ளிப் பொத்தான்களையும் இவர் முடிந்து தொங்கவிட்டார்.

"துரைசானிக்கு நம்ம வழக்கம் தெரியுமா?" என்று கேட்டேன்.

"இன்னாடி கேக்குற? புருசன் செத்தா எவதான் கரைக்கு வராம இருப்பா?"

எனக்கும் அது சரியென்றே பட்டது.

துரைசானி வரவில்லை. சிப்பாய்கள்தான் வந்தார்கள்.

விசாரணை நடந்த அறையில் கறுப்பு உடுத்தி அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள். விசாரிக்க வந்த வேறொரு துரையின் முன்னால் இவர் விலங்கோடு நின்றார். எங்கள் பேச்சைத் துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி திருவேங்கடத்திடம் நான் கெஞ்சினேன்.

"சாமி, எங்க வழக்கத்த எடுத்துச் சொல்லுங்க."

"சொல்லிட்டேம்மா. தொரை சிரிக்கிறாரு. கடலோர ஜனத்துக்குத் திருட்டு தாய்ப்பாலோட வருதாம். அதுக்கு வழக்கம்னு ஒரு பேரு வச்சிக்கினீங்களாம்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"நான் இன்னாத்த சொல்றது? பொன்னேரிப் பக்கமும் உங்களப் பத்தி அப்டித்தானே பேசிக்கிறாங்க."

கடல் தாண்டி வந்தவனை விடுங்கள், நாங்கள் பிடித்த மீனைத் தின்று வளர்ந்தவனுக்குமா நாங்கள் திருடர்கள்?

துரை அந்த முடிச்சை எடுத்துத் துரைசானியின் கையில் வைத்தார். அவள் அதை அவிழ்க்கவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அதைப் பார்த்ததும் இவர் விலங்கோடு அவள் காலடியில் விழுந்து தேம்பினார். அந்த அழுகையை நான் அறிவேன். சுமந்ததை இறக்கி வைத்தவனின் அழுகை அது.

துரை தலையாட்டி ஏதோ சொன்னார். திருவேங்கடம் என் பக்கம் திரும்பினார். "தப்ப ஒத்துக்கினு மன்னிப்பு கேக்குறான்னு எழுதிக்கச் சொல்றாரு."

"மன்னிப்பு இல்ல சாமி! சேர வேண்டியவங்க கையில சேந்துடுச்சேன்னு அழுவுறாரு!"

தொண்டை கிழியக் கத்தினேன். திருவேங்கடம் அதைச் சொல்லவே இல்லை. துரைசானி என்னை ஒருமுறை பார்த்தாள். புருஷனைப் பறிகொடுத்தவளுக்குப் புரியும் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

தண்டனையென்று, கடலுக்கு அப்பால் இருக்கும் பத்தாவியாவுக்குப் போகும் கப்பலில் இவரை ஏற்றினார்கள். கிட்டே போகவிடவில்லை. நான் கட்டிவிட்ட தாயத்து மட்டும் இவர் இடுப்பில் இருக்கிறது. அந்தக் கடலில் இவருக்கு ஒன்று ஆனால், அதை முடிந்து வைக்க அங்கே யாராவது இருப்பார்களா? இருந்தாலும், எந்த வாசலில் போய் நான் கேட்பது?