கண்ணாடிச் சோதனை

அவருடைய வலது கண்ணின் விலை எட்டு லட்சம். கோர்ட்டில் கேட்டது அவ்வளவு. கம்பெனி பேரம்கூடப் பேசவில்லை; சரக்கே போலி என்றுவிட்டது.

மனைவி ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இனிமே ஆஸ்பத்திரி வேண்டாம்மா, பக்கத்துலயே இருங்க" என்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கிடங்கில் சங்கிலி அறுந்து புருவத்தில் அடித்தபோது, கண் வெளியிலிருந்து பார்க்க நன்றாகவே இருந்தது. அதுதான் வினை. உள்ளே நரம்பு செத்துவிட்டது என்றார் இவர். கம்பெனி அழைத்து வந்த கண் நிபுணர், நல்ல கண்ணைக் கட்டிவிட்டு, மற்றதன் முன்னால் முகம் பார்க்கும் கண்ணாடியை ஆட்டியதாகச் சாட்சி சொன்னார். "பார்வை உள்ள கண்ணு கண்ணாடியோட தானா ஓடும். இவர் கண்ணு ஓடிச்சு." கட்டு நெகிழ்ந்திருந்தது, நல்ல கண் ஓடினால் மற்றதும் கூட ஓடாதா என்று இவர் கத்தியது தீர்ப்பில் ஏறவில்லை. நிபுணருக்குச் சாட்சி சொன்ன படிப்பணம், இவருக்குப் பொய்யர் பட்டம், இலவசம்.

மேல்முறையீட்டுக்குக் காசில்லை என்றாள் மனைவி. காசு மட்டும் காரணமில்லை. அதன்பிறகு அவர் கதவில் மோதினால், ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுத்தான் கை கொடுப்பாள்.

இப்போது துணியை நாலாக மடித்து அவர் இடது கண்மேல் வைத்தாள். உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். மகனின் சவரக் கண்ணாடியை எடுத்து வலது கண்ணுக்கு முன்னால் மெல்ல ஆட்டினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், திரும்பவும்.

கண் கூரையைப் பார்த்தபடியே இருந்தது.

"ஓடிச்சா?" என்றார் அவர்.

"எது?"

"டாக்டரம்மா, உங்க ஃபீஸ் எவ்வளவு?" சிரிக்கப்போய் இருமினார். "கேட்டிருந்தா நானே கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பேனே..."

அவள் வாயைத் திறந்தாள். மகன் மருந்தோடு வந்துவிட்டான்.

"அப்பா என்னம்மா சொல்றாரு?"

"தண்ணி கேக்குறாரு."

சாயங்காலம் மூச்சு நின்றது. மகன் இமைகளை மூடினான். இடது மூடிக்கொண்டது, வலது பாதியில் நின்றது. அவள் அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

அவருடைய அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பிறகு மகனிடம் தணிந்த குரலில், "வெளியில யாருக்காவது பாக்கி வச்சிருக்கானாடா?"

"வக்கீலுக்குக்கூடத் தீர்த்தாச்சு பெரியப்பா. யாருக்கும் ஒண்ணும் இல்ல."

அவள் கையை எடுக்காமல் அவர் காதருகே குனிந்தாள்.

"ஓடலைங்க" என்றாள்.