ஒன்றே ஒன்று என்று நார்து சொன்ன செடி

நல்லது செய்யப் போய் வாங்கிக் கட்டிக்கொள்வதில் கிரெஸ்ஸியுவை மிஞ்ச ஆள் கிடையாது. கடலில் இருந்த காலமெல்லாம் அது அவருக்கும் மீன்களுக்கும் இடையிலான விஷயமாகவே இருந்தது. வயதான காலத்தில் வித்தோரினைக் கட்டிக்கொண்டு, துறைமுகத்தை விட்டு மேட்டில் இருக்கும் அவள் ஊருக்குக் குடிவந்த பிறகு ஊருக்கே தெரிந்துபோயிற்று.

மாதா திருவிழாவுக்கு முதல் நாள். வித்தோரின் நவநாள் செபத்துக்குக் கோவிலுக்குப் போயிருந்தாள். கிரெஸ்ஸியு தெருப் பக்கத்து மதிலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். சப்பரம் அந்தத் தெரு வழியாகத்தான் வரும். சப்பரம் வரும் தெருவில் மதிலில் ஒரு காய்ந்த புல் நீட்டிக்கொண்டிருந்தாலும் கோசோ தீவில் அது வீட்டுக்காரியின் மானப் பிரச்சினை. போதாக்குறைக்கு ஆகஸ்ட் மாதம். வாணவேடிக்கைப் பொறி ஒன்று வந்து விழுந்தால் போதும், திருவிழா மதிலிலேயே நடந்து முடிந்துவிடும்.

"மாப்ள, மதிலைக் கழுவுறியா, குளிப்பாட்டுறியா?" என்று தெருவில் போன கல்சிதோன் நின்றார். சப்பரம் தூக்குபவர்களுக்கு அவர்தான் தலைவர். வித்தோரினைக் கட்டியதிலிருந்து ஊரே கிரெஸ்ஸியுவை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டது. நரைத்த தலைக்கு அந்தப் பெயர் கொஞ்சம் இடித்தாலும் அவருக்கு உள்ளூரப் பிடித்திருந்தது.

"நீ போய் உன் தோளைப் பாத்துக்க மச்சான். நம்ம வாசல்ல வரும்போது மாதா ஆடக் கூடாது, சொல்லிட்டேன்."

"நாளைக்கு உன் தோளும்தானே அதுல இருக்கப் போகுது. கடல்காரன் தோளு. அலையில போற மாதிரி ஆடாம இருந்தாச் சரி."

அதுதான் விஷயம். சப்பரத்தின் முன்பக்கம், இடது தண்டு, நார்துவின் இடம். நார்து என்பவர் வித்தோரினின் முதல் புருஷன், கல் குவாரியில் வேலை பார்த்தவர். நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த பிறகு அந்த இடத்தில் ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒப்புக்கு நின்றார்கள். இந்த வருஷம் கல்சிதோன் ஊரோடு மல்லுக்கட்டி அதைக் கிரெஸ்ஸியுவுக்கு வாங்கித் தந்திருந்தார். அந்தத் தண்டைத் தோளில் வாங்கிவிட்டால் தானும் இந்த ஊர்க்காரன். கிரெஸ்ஸியு ஏழெட்டு வாரமாக அந்த நினைப்பில்தான் தூங்கினார், எழுந்தார்.

ஆகவே மதிலை வெறிகொண்டு துலக்கினார். கேப்பர் கொடியை மட்டும் தொடவில்லை. அதன் மொட்டை உப்பில் ஊறப்போடுவாள் வித்தோரின், அது அவருக்குத் தெரியும். வாசலை ஒட்டிக் கல்லிடுக்கில் ஒரு புதர் இருந்தது. வெளுத்த இலை, கருகிப் பழுப்பேறிய பூக்கொத்து. செத்துப் பல நாளாகியிருக்கும் என்று நினைத்தார். ஆனால் வேர் மட்டும் விடமாட்டேன் என்றது. கடப்பாரையை விட்டு நெம்பி, இரண்டு கல்லைப் பெயர்த்து, வேரோடு இழுத்துப் போட்டார். கானாங்கெளுத்தி சுட வாசலில் மூட்டிய அடுப்புக்குச் சுள்ளி தேவையாக இருந்தது. அந்தப் புதர் நன்றாகவே எரிந்தது. எரியும்போது ஒரு நல்ல வாசனைகூட வந்தது.

கோவிலிலிருந்து திரும்பியதும் அதை முதலில் பார்த்தது வித்தோரின் அல்ல, கூட வந்த ஃபிலுமேனா. நார்துவின் அக்கா. எப்போதும் கறுப்பு உடுத்துபவள்.

"இங்க இருந்த செடி எங்கய்யா?"

"எந்தச் செடி அக்கா? காஞ்சு கிடந்துச்சே அதுவா?" கிரெஸ்ஸியு சிரித்த முகமாக அடுப்பைக் காட்டினார். அதில் மீன் பொன்னிறமாகப் புரண்டுகொண்டிருந்தது.

ஃபிலுமேனா போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. "காஞ்சு கிடந்துச்சா? கோடையில இந்தச் செம்ப்ரவீவாச் செடி அப்படித்தான்யா இருக்கும்! மே மாசம் பாக்கணும், மஞ்சளா மதிலே தெரியாது. எங்க நார்து வச்ச செடி! இவளைப் பொண்ணு கேக்க வந்தப்ப, கயித்தைக் கட்டிக்கிட்டு மேக்குப் பாறையில இறங்கி, முழங்காலெல்லாம் ரத்தமா எடுத்துக்கிட்டு வந்தான். பாறை பூரா தேடியும் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, உலகத்துலயே இது ஒண்ணுதான், அது உனக்குத்தான்னு சொல்லிக் கொடுத்தான். சாகிற வரைக்கும் வர்றவன் போறவன்கிட்டல்லாம் அதைக் காட்டிச் சொல்லிக்கிட்டே இருந்தான். அதைப் புடுங்கி மீன் சுட்டியா நீ? செத்தவன் மேல உனக்கு என்னய்யா பொறாமை?"

வித்தோரின் முன்னால் வந்தாள். அடுப்பருகே குனிந்து, எரியாமல் கிடந்த ஒரு குச்சியை எடுத்து முகர்ந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

கிரெஸ்ஸியுவுக்கு அப்போதுதான் உறைத்தது. மஞ்சள் பூ, மேற்குப் பாறை. அவர் அந்தப் பாறையின் அடியில் வலை போட்டே கிழவரானவர். மேலிருந்து பார்க்கும் இந்த ஊர்க்காரர்களுக்குக் கடல் தெரியும், தங்கள் காலுக்குக் கீழே இருக்கும் பாறை தெரியாது. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் கணுக்கால் நனையப் பயப்படுகிற ஜனம். கீழே படகிலிருந்து பார்த்தால் அந்தச் செங்குத்துப் பாறை முழுக்க வெள்ளி நிறத்தில் குத்துக்குத்தாகச் செடிகள். மே மாதத்தில் பாறைக்கே மஞ்சள் அடித்தது போல இருக்கும். வேறெந்த நாட்டிலும் இல்லாத செடி என்று படித்தவர்கள் சொல்வதை அவர் கேட்டிருக்கிறார். பறிக்கக் கூடாது என்று சட்டம்கூட உண்டு. ஆனால் ஒன்றே ஒன்று? நூறு இருக்கும். இருநூறும் இருக்கும்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'அட அக்கா, அது அங்கே கொட்டிக் கிடக்கு.' வாயைத் திறந்துவிட்டார். திறந்த வாயோடு நிமிர்ந்தவர் கண்ணில் ஜன்னல் பட்டது. திரைக்குப் பின்னால் வித்தோரின் நின்றிருந்தாள், கையில் அந்தக் குச்சியோடு.

கிரெஸ்ஸியு வாயை மூடிக்கொண்டார். ஒருவன் தன் பெண்டாட்டிக்கு ஆசையாகச் சொன்ன பொய். திரும்பி வந்து சமாளிக்க அவன் உயிரோடு இல்லை. அவன் செடியைக் கொளுத்தியது போதாதா, அவன் சொல்லையும் கொளுத்த வேண்டுமா? மீன் கருகுகிற வாசனை வந்தது. இரண்டு பேரும் அன்றைக்கு மீன் சாப்பிடவில்லை.

சாயங்காலம் ஊர் ஆண்கள் கூடும் பேண்ட் கிளப்புக்குப் போனால், செய்தி அவருக்கு முன்னால் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் எல்லாரும் கிளாசுக்குள் பார்த்தார்கள். கல்சிதோன் மட்டும் எழுந்து வந்தார். முகம் சரியில்லை.

"மாப்ள, பசங்க முடியாதுங்கறாங்க. நார்து செடியைப் புடுங்கினவன் நார்து இடத்துல நின்னா, நாங்க தண்டைத் தொட மாட்டோம்ங்கறாங்க."

"எனக்குத் தெரியாது மச்சான். சத்தியமாத் தெரியாது."

"எனக்குத் தெரியுது, அவங்களுக்குத் தெரியலையே." கல்சிதோன் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்றே கேட்டார். "நீதான் அந்தப் பாறைக்கு அடியிலயே கிடந்தவனாச்சே. நிஜமா அங்க ஒண்ணுதான் இருந்துச்சா? இன்னொண்ணு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் பேசிக்கிறேன்."

நல்ல மனுஷன், கயிறு வீசிப் பார்த்தார். கிளப் முழுக்க அவர் வாயையே பார்த்தது. கிரெஸ்ஸியு தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

"நான் அண்ணாந்து பாத்ததில்ல மச்சான். எனக்கு மீன் மட்டும்தான் தெரியும்."

வெளியே வந்தபோது அவருக்கு அழுகை முட்டியது. அந்தத் தோள் இடத்துக்காக அல்ல. அதற்காகவும்தான்.

மறுநாள் காலைப் பூசை முடிந்து வந்ததும் வித்தோரின் தலையில் துணியைக் கட்டிக்கொண்டாள்.

"ஏங்க, படகை எடுங்க. மேக்குப் பாறைக்குப் போகணும்."

கிரெஸ்ஸியு செருப்பைத் தேடுவது போலக் குனிந்தார். "இன்னிக்கா? திருவிழாவும் அதுவுமா? எஞ்சின் வேற மக்கர் பண்ணுது."

"துடுப்பு இருக்குல்ல?"

"காத்து சரியில்ல வித்தோ. தென்மேற்கு அடிக்குது. அங்க அலை பொல்லாதது."

அவள் வெளியே கட்டியிருந்த திருவிழாக் கொடியைப் பார்த்தாள். அது செத்த மீன் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு இவரைப் பார்த்தாள். கிரெஸ்ஸியு துடுப்பை எடுத்தார்.

வழியெல்லாம் அவர் படாத பாடு பட்டார். பாறையிலிருந்து விலக்கியே படகை விட்டார். அதோ பார் கப்பல் என்றார், கப்பலே இல்லாத பக்கமாக. தண்ணீரில் ஆமை போகுது என்றார். எதிரே உட்காரச் சொன்னால் அவள் பாறையைப் பார்ப்பாள் என்று தன் பக்கத்திலேயே கடலைப் பார்த்தாற்போல உட்கார வைத்தார். வித்தோரின் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். பாறையின் நிழல் படகின் மேல் விழுந்தபோது திரும்பி உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள்.

வெள்ளிக் குத்துகள் பாறை இடுக்கு முழுக்க இருந்தன. கைக்கு எட்டுகிற உயரத்திலிருந்து கழுத்து வலிக்கும் உயரம் வரை. கிரெஸ்ஸியு துடுப்பை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அடேயப்பா," என்றாள் வித்தோரின். "முன்னைக்கு இப்ப கூடியில்ல இருக்கு."

கிரெஸ்ஸியு நிமிர்ந்தார்.

"எங்க மாமா படகு வச்சிருந்தாரு. பாவாடை கட்டுற வயசுலயே என்னை இங்க கூட்டிக்கிட்டு வருவாரு. இந்தச் செடியை எண்ணுறதுதான் எனக்கு விளையாட்டு. எண்ணி முடிச்சதே இல்ல."

"அப்ப நார்து சொன்னப்ப..."

"முழங்கால்ல ரத்தம் வழியுது. தலை பூரா கல்லுத் தூசி. மூச்சு வாங்குது. உலகத்துலயே இது ஒண்ணுதான்னு சொல்லிட்டு என் மூஞ்சியையே பாக்குறாரு. எப்படிங்க சொல்றது, இருக்கு இன்னும் நூறுன்னு? அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டேன். அப்புறம் எப்பவுமே சொல்லல. வர்றவங்ககிட்ட அவரு அதைக் காட்டிப் பேசும்போதெல்லாம் நானும் ஆமான்னு தலையாட்டுவேன்." அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் வந்துவிட்டது. "நீங்க அதைப் புடுங்கினது எனக்கு வலிக்குதுங்க. இல்லைன்னு சொல்ல மாட்டேன். தினம் காலைல கதவைத் திறந்தா அதைத்தான் முதல்ல பாப்பேன். உங்ககிட்ட அதைப் பத்திச் சொல்லாம இருந்தது என் தப்பு. புதுசா வந்த மனுஷன்கிட்ட பழசை எதுக்குப் பேசணும்னு இருந்துட்டேன்."

கிரெஸ்ஸியு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"நேத்து ஜன்னல்ல நின்னு உங்க வாயையே பாத்துக்கிட்டிருந்தேன். திறந்துச்சு, மூடிடுச்சு. ராத்திரி ஃபிலுமேனா மதினி வந்து கிளப்புல நீங்க சொன்னதைச் சொன்னாங்க, உன் புருஷனுக்கு அண்ணாந்து பாக்கக்கூடத் தெரியாதாம்னு. நாப்பது வருஷம் இங்க வலை போட்ட மனுஷன் மேல பாத்ததே இல்லையாம்! அதான் கூட்டிக்கிட்டு வந்தேன். நீங்க பாத்திருக்கீங்களா இல்லையான்னு எனக்குத் தெரியணும். ஆமை போகுது, கப்பல் போகுதுன்னீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதோ அந்தக் கீழ்ப் பொந்துல ஒரு கன்னு இருக்கு," என்றார் கிரெஸ்ஸியு. "சட்டம் கிடக்குது. மதில்ல வச்சுரலாமா?"

"வேண்டாங்க. கொண்டு போனா, அப்ப இன்னொண்ணு இருந்துச்சுன்னு ஆயிடும்ல."

வீட்டு வாசலில் ஃபிலுமேனா காத்திருந்தாள். மதிலில் கல் பெயர்ந்த பொந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்ல நாளும் அதுவுமா புருஷனும் பொண்டாட்டியும் எங்க போனீங்க?"

"செடி தேடப் போனோம் மதினி. மேக்குப் பாறைக்குக் கடல்வழியா."

ஃபிலுமேனாவின் முகம் ஒரு நொடி என்னவோ போல ஆயிற்று. "இருந்துச்சா?"

"எங்க மதினி இருக்கும்? ஒண்ணுகூட இல்ல."

"நான் சொல்லல?" கிழவியின் குரல் உடைந்தது. "என் தம்பி பொய் சொல்றவன் இல்லடி. நான் சொல்லல?" கறுப்புத் தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிரெஸ்ஸியுவின் பக்கம் திரும்பினாள். வெயிலில் அவர் மூக்கு நண்டு மாதிரி சிவந்திருந்தது. "நீயுமாய்யா தேடுனே?"

"ஆமாக்கா. கழுத்து வலிக்கத் தேடுனேன்."

அவள் அவர் மூக்கை ஒரு முறை பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று கோவில் பக்கம் நடந்தாள். அங்கே கல்சிதோனை அவள் என்ன கேட்டாள், தூக்குகிற பையன்களை என்ன திட்டினாள் என்பது ஊருக்குத் தெரியும். என் தம்பி செடிக்காகக் கடல்ல போய்த் தேடின மனுஷன் நிக்காத சப்பரம் எனக்கு எதுக்குடா என்று கேட்டாளாம். அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்கவில்லையாம்.

சாயங்காலம் பேண்ட் முழங்க மாதா கோவிலைவிட்டு வெளியே வந்தபோது, முன்பக்கம் இடது தண்டு கிரெஸ்ஸியுவின் தோளில் இருந்தது. மெத்தை வைத்தும் எலும்பில் இறங்கியது. நார்து இத்தனை கனத்தை வருஷா வருஷம் தூக்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

சப்பரம் அவர்கள் தெருவில் திரும்பியது. எல்லா வீட்டிலும் பட்டுத் துணி தொங்கியது. வீட்டுக்காரிகள் வாசலில் விளக்கோடு நின்றார்கள். வித்தோரின் மட்டும் வாசலில் இல்லை. கிரெஸ்ஸியு கண்ணைச் சுழற்றித் தேடினார். அவள் மதிலோரமாக நின்றிருந்தாள். கல் பெயர்ந்த அந்தப் பொந்து யார் கண்ணிலும் படாதபடி அதன் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு, நல்ல உடுப்பில் மண் ஒட்டுவதைப் பற்றிக் கவலைப்படாமல், சிரித்த முகமாக நின்றிருந்தாள்.

"மாப்ள," என்று பின்னாலிருந்து கல்சிதோன் கிசுகிசுத்தார். "அழாதே, மாதா ஆடுது."