நாளைக்குத்தான் கடல் நல்லா இருக்கும்

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்தவள், வரவேற்பு மேஜைக்கு முன்னால் நின்று, "சார், இன்னைக்கு எங்க போனா நல்லா இருக்கும்?" என்று கேட்டாள். தலையைப் படிய வாரியிருந்தாள். கால் செருப்பு மட்டும் ஒன்றுக்கொன்று ஜோடியில்லை. நான் பழைய குழாய் ஒன்றுக்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். கையைத் துணியில் துடைத்துவிட்டு எழுந்து நின்றேன். தங்க வந்தவர்கள் ஏதாவது கேட்டால் உட்கார்ந்துகொண்டே பதில் சொல்லக்கூடாது என்பது இந்த விடுதியின் சட்டம். சட்டத்தைப் போட்டவள் எதிரில் நிற்கிற அவள்தான். அவள் என் மனைவி.

"லைட் ஹவுஸுக்குப் போனீங்கன்னா கீழ நின்னு பாத்துட்டு வந்துடுங்க. மேல ஏறுனா கால் வலிதான் மிச்சம். அங்கருந்து பாத்தாலும் இதே கடல்தான்" என்றேன். "சாயங்காலம் ஊரே பெரிய பீச்சுல போய் விழும். நீங்க ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால போங்க. பாறை மேல உக்காந்தா காத்து ஆளையே தூக்கும். தண்ணியில மட்டும் கால் வெக்காதீங்க, அந்த எடம் இழுக்கும்."

அத்தனையும் அவளுடைய வசனம். எனக்கு ஏது அவ்வளவு பேச்சு? எத்தனையோ வருஷமாக அவள் இந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களிடமெல்லாம் சொன்னதை, மாடிப்படிக்குக் கீழே ஸ்பேனரும் கையுமாகக் குனிந்தபடி கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. விடுதியில் வாய் அவள், கை நான். அப்படித்தான் ஓடியது. அவள் பேசிப் பேசி அறைகளை நிரப்புவாள், நான் ஒழுகுகிற குழாயையும் சுற்றாத மின்விசிறியையும் பார்த்துக்கொள்வேன். தங்க வந்தவர்களில் பாதிப் பேர் என்னை வேலைக்காரன் என்றே நினைத்திருப்பார்கள். அவளும் பெரிதாகத் திருத்தியதில்லை. "வேலைக்காரன்னு நெனச்சாத்தான் ரூமுக்கு மரியாதை. மொதலாளி கையில கரி இருந்தா எவன் தங்குவான்?" என்று சிரிப்பாள்.

ஊரில் அவளுக்கு நாளைக்கம்மா என்று பெயர். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிற எவரையும் அவள் சும்மா விட்டதில்லை. "இவ்ளோ தூரம் வந்துட்டு இதையா பாத்துட்டுப் போறீங்க? நேத்தெல்லாம் கலங்கிக் கெடந்துச்சு. நாளைக்குத்தான் கடல் நல்லா இருக்கும். பாத்துட்டுப் போங்க" என்பாள். அடிக்கிற வெயிலில் கடல் பளபளவென்று கிடக்கும்போதும் அதையேதான் சொல்வாள், கூசாமல். கேட்டவர்களில் சிலர் நிஜமாகவே பெட்டியைத் திரும்ப மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். மறுநாள் கடல் எப்படி இருந்தாலும், அம்மா சொன்ன மாதிரியே இருக்கிறது என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

அப்படி ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தன். ஐஸ் ஃபேக்டரியில் கம்ப்ரசர் படுத்துக்கொண்டது என்று கூப்பிட்டார்கள். வந்தேன், சரிசெய்தேன். சாயங்கால பஸ்ஸுக்குப் பெட்டியோடு இறங்கினால், அப்போது அவளுடைய அப்பா நடத்திக்கொண்டிருந்த இதே விடுதியில், இதே மேஜைக்குப் பின்னால் அவள். நாளைக்குத்தான் கடல் நல்லா இருக்கும் என்றாள். கடலைப் பார்க்க எனக்கு ஒரு ஆசையும் இல்லை. ஆனாலும் இருந்தேன். மறுநாளும் அதையே சொன்னாள், அன்றைக்கும் இருந்தேன். பிறகு இங்கேயே இருந்துவிட்டேன். என்னைப் பிடித்துப்போய்த்தானே அப்படிச் சொன்னாய் என்று கல்யாணம் ஆன புதிதில் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். "ஆசையப் பாரு! ரூம் காலியா கெடந்துச்சு, அதான் சொன்னேன்" என்றாள். அதன் பிறகு எப்போது கேட்டாலும் அதே பதில்தான். நானும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் என்னை எப்போது மறந்தாள் என்று டாக்டர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. புருஷனை நீங்க என்று கூப்பிடுகிறவள், அறிமுகமில்லாதவனையும் நீங்க என்றுதான் கூப்பிடுவாள். "சாப்டீங்களா?" என்று எந்த நாள் வரைக்கும் என்னைக் கேட்டாள், எந்த நாளிலிருந்து யாரோ ஒருத்தரைக் கேட்டாள் என்று நான் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? பேச்சுக்கு நடுவில் ஒருநாள் 'சார்' வந்து உட்கார்ந்தது. கேலி செய்கிறாள் என்று நினைத்து, "என்ன நீ, புதுசா சார் மோருன்னு?" என்றேன். அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. "கொஞ்சம் மரியாதையாப் பேசுங்க சார். காசு குடுத்துத்தானே தங்கியிருக்கோம்" என்றாள். அன்றிலிருந்து நானும் அவளை நீங்க என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன். பெட்டியோடு வந்து நின்ற அந்த நாட்களில் கூப்பிட்டதுதான். அதற்கப்புறம் அந்த வார்த்தை அவள் விஷயத்தில் என் வாய்க்கே வந்ததில்லை.

அறைகளை வாடகைக்கு விடுவதை நிறுத்திவிட்டேன். வாசல் போர்டையும் கழற்றி வைத்தேன். அவள் ஒருத்தி மட்டும் தங்க வந்தவளாக மாடியில் இருந்தாள். தினமும் இறங்கி வந்து இடம் கேட்பாள், நான் சொல்வேன், கூட்டிக்கொண்டும் போவேன். பொய் சொல்வானேன், சில நாள் அது எனக்குப் பிடித்தும் இருந்தது. வியாபாரம் நடந்த காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கடற்கரைக்குப் போனதே கிடையாது.

அன்றைக்கு ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் பாறையில் உட்கார்ந்திருந்தபோது, "இவ்ளோ விவரமா சொல்றீங்களே சார், நீங்க இந்த ஊரா?" என்று கேட்டாள்.

"இல்லங்க. என் வீட்டுக்காரம்மாதான் இந்த ஊரு. அவங்க சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரியும்."

"கெட்டிக்காரங்களா இருப்பாங்க போல."

"இருந்தாங்க" என்றேன். நினைத்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது.

அவள் பதறிப்போய்த் திரும்பினாள். "அய்யய்யோ, தவறிட்டாங்களா சார்?"

"சேச்சே, இல்லங்க. வெளியூர் போயிருக்காங்க."

"அதானே. எப்ப வருவாங்க?"

"நாளைக்கு" என்றேன். கடலைப் பார்ப்பதுபோல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிய நேரத்துக்குள் அவள் பாறையை விட்டு இறங்கியிருந்தாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. இழுக்கிற இடம், அலை திரும்பிப் போகும்போது காலுக்கடியில் மண்ணே இருக்காது. "ஏய், நீ எங்கடி போறே!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். 'நீங்க' என்கிற மரியாதையெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கு நினைவிருக்கும்? அவள் அலறிவிட்டாள். "யாருய்யா நீ? கைய விடுய்யா!"

அத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் 'நீ' அது.

சுற்றிப் பார்க்க வந்திருந்த கும்பல் ஒன்று ஓடிவந்தது. அதில் வாட்டசாட்டமான ஒரு பையன் என் கையை முறுக்கிப் பின்னால் பிடித்தான். கண்ணாடி விழுந்தது. என் சம்சாரம்ப்பா, விடுப்பா என்றேன். அவன் அவளிடம் கேட்டான்: "ஏம்மா, இவர் உங்க வீட்டுக்காரரா?" அவள் என்னை நன்றாகப் பார்த்தாள், அவசரப்படாமல், நிதானமாகவே பார்த்தாள். "இவர் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க" என்றாள். ஃபேக்டரி காவலாளி வந்து சொன்ன பிறகுதான் பிடி தளர்ந்தது. அந்தப் பையன் கண்ணாடியைத் தேடித் துடைத்துக் கொடுத்து, மன்னிச்சுக்குங்க அங்கிள் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன்மேல் தப்பில்லை, அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அவள் வீடு வந்து சேரும்வரை காவலாளியின் மறுபக்கமாகவே நடந்தாள். நான் கொஞ்சம் நெருங்கினாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். என்னைப் பார்த்து அவள் பயந்ததை என்னால் தாங்க முடியவில்லை. வெளியூரில் இருக்கிற மகளுக்குப் போன் செய்து, அம்மாவை வந்து கூட்டிக்கொண்டு போ என்றேன். மகள் பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்ததுதான். அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் இருக்கிறது, நல்ல ஆட்கள், தினமும் போய்ப் பார்க்கலாம்.

"நீங்களும் வாங்கப்பா. தனியா அங்க என்ன பண்ணுவீங்க?"

"நான் வந்து? என்னப் பாத்துத்தானேம்மா பயப்படுறா."

சனிக்கிழமை காலையில் வருகிறேன், அம்மா துணியை மட்டும் எடுத்து வையுங்கள் என்றாள் மகள்.

எடுத்து வைக்க என் பழைய பெட்டிதான் கிடைத்தது. கம்ப்ரசர் பார்க்க வந்தபோது கொண்டுவந்தது, ஓரத்தில் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. அவளுக்குப் பிடித்த நான்கைந்து உடுப்பு, கம்பளிச் சால்வை, மாத்திரை, சீப்பு. செருப்பை ஜோடி சேர்த்துத் தனியாகக் கட்டி வைத்தேன். கடையில் தேங்காயெண்ணெய் வாங்கி வந்து அதையும் வைத்தேன், அங்கே என்ன எண்ணெய் தேய்ப்பார்களோ தெரியாது. பெட்டியை மூட முடியாமல் முழங்காலை வைத்து அழுத்தி மூடினேன்.

சனிக்கிழமை காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தால், மேஜைக்குப் பின்னால் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் அந்தப் பக்கம் போயே ரொம்ப நாளாகியிருந்தது. முழங்கையை மேஜையில் ஊன்றி, வாசலைப் பார்த்தபடி, முன்பெல்லாம் உட்காருகிற அதே தோரணை. சத்தம் கேட்டுத் திரும்பி என்னையும் பெட்டியையும் பார்த்தாள். பயப்படுவாளோ என்று படியிலேயே நின்றுவிட்டேன்.

அவள் எழுந்து நின்றாள். "என்ன சார், கெளம்பிட்டீங்களா?"

தலையை ஆட்டினேன்.

"நல்லா இருக்கே கதை! இவ்ளோ தூரம் வந்துட்டு இதையா பாத்துட்டுப் போறீங்க? நேத்தெல்லாம் கலங்கிக் கெடந்துச்சு. நாளைக்குத்தான் கடல் நல்லா இருக்கும்."

அதே குரல், அதே இழுப்பு. இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. கடைசிப் படியில் பெட்டியை வைத்துவிட்டு, பழைய பழக்கத்தில் கேட்டுவிட்டேன். "ரூம் காலியா கெடக்கா, அதான் சொல்றீங்களா?"

அவள் திரும்பிச் சாவிப் பலகையைப் பார்த்தாள். ஒரு சாவியும் குறையாமல் எல்லாம் வரிசையாகத் தொங்கின. மறுபடியும் என் பக்கம் திரும்பி, பக்கத்தில் யாரும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ரூமெல்லாம் ஃபுல்லு சார். யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்களுக்காக ஒண்ணு ஒதுக்கி வெச்சிருக்கேன்."

வாசலில் மகளுடைய கார் வந்து நின்றது. கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவள் அதைக் காதில் வாங்கவில்லை. பலகையிலிருந்து ஒரு சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். பிறகு மேஜையைச் சுற்றி வந்து, என் கால்மாட்டில் இருந்த பெட்டியை, அதன் கனத்துக்கு மூச்சு வாங்கியபடி, காலாலேயே தள்ளித் தள்ளி மேஜைக்கு அடியில் கொண்டுபோய் ஒளித்து வைத்தாள்.