லிஃப்டுக்காரம்மாவின் ஒரு நிமிடம்

1

எங்கள் குழுவின் ஆண்டு மலருக்கு என்னிடம் கேட்டது கட்டுரை. ‘தொழில் தொடர்புக் குழுவில் முழுப் பயன் பெறுவது எப்படி?’ என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். விளம்பர வாசகம் எழுதிப் பிழைக்கிறவன் நான், ஒழுங்காகத்தான் உட்கார்ந்தேன்.

‘தொடர்புகளே தொழிலின் முதுகெலும்பு, ஆகவே நாம் ஒவ்வொருவரும்—’

(எனக்கே கொட்டாவி வருகிறது. விடுங்கள்.)

அடுத்த வரியில் லிஃப்டுக்காரம்மா வந்து நின்றுகொண்டார். அதற்கப்புறம் கட்டுரை என் பேச்சைக் கேட்கவில்லை.

2

வாரம் ஒரு காலை, ஓட்டல் கூட்ட அறையில் கூடுவோம். ஒரு தொழிலுக்கு ஒரே நாற்காலி. ஒவ்வொருவரும் எழுந்து, என்ன வேலை வேண்டும் என்று ஒரு நிமிடம் கேட்கலாம். மற்றவர்கள் தெரிந்த இடத்தில் சொல்லி வைப்பார்கள்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் நாற்காலி அவருடையது. தன் நிமிடத்தை அவர் இப்படித்தான் செலவழிப்பார்:

“பெயிண்டர் சார், நேத்து போன வீட்ல சுவரெல்லாம் உரியுது, உங்க நம்பரைக் குடுத்திருக்கேன். வக்கீலம்மா, உங்களுக்கும் ஒருத்தர் பேசுவாரு. எனக்கா? எந்த லிஃப்டா இருந்தாலும் சரிதாங்க.”

மணி அடித்துவிடும். ஒரு வருடமாக அவருக்கு ஒரு வேலையும் வரவில்லை. பெரிய கம்பெனிக்காரர் ஒருவர் அதே நாற்காலிக்குக் காத்திருக்கிறார். இந்த மாதமும் வேலை வராவிட்டால் இடம் அவருக்குத்தான் என்று காப்பீட்டு முகவரான எங்கள் தலைவர் மென்று விழுங்கிச் சொல்லிவிட்டார்.

3

கட்டுரையின் முதல் வரைவில் அவரைக் கண்ணீரோடு எழுதியிருந்தேன். அவரிடமே படித்துக் காட்டினேன்.

“அண்ணா, நான் எப்ப அழுதேன்? எடுத்துடுங்க அதை. நாள் பூரா கம்பியோடயும் கிரீஸோடயும் இருக்கேன். அங்க வந்தாதான் நாலு பேரு முகம் பார்க்கிறேன். சந்தோஷமாத்தான் இருக்கேன்.”

“நாற்காலி போயிடுச்சுன்னா?”

“போனா கஷ்டமாத்தான் இருக்கும். ரொம்ப.”

(கண்ணீரை எடுத்துவிட்டேன். இதை மட்டும் வைத்துக்கொண்டேன்.)

“எந்த லிஃப்டா இருந்தாலும்னு கேட்டா, யாருக்கும் எந்த லிஃப்டும் ஞாபகம் வராதும்மா. ஒண்ணே ஒண்ணைக் கேளுங்க” என்றேன். கட்டுரைக்கென்று என்னிடம் இருந்த உருப்படியான வரி இது ஒன்றுதான்.

4

முடிவு அ: கம்பெனிக்காரர் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார், லிஃப்டுக்காரம்மா ஓடிவந்து கதவை—

(சினிமா. வேண்டாம்.)

முடிவு ஆ, போன வாரம் நடந்தது. லிஃப்டுக்காரம்மா எழுந்தார். யாரையும் பார்க்காமல், மேசையைப் பார்த்துக் கேட்டார்:

“பழைய கட்டிடம். ரெண்டாவது மாடியைத் தாண்டும்போது லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கும். அப்படி ஒண்ணு யாருக்காச்சும் தெரியுமா?”

“அய்யோ, அது எங்க கட்டிடம்ங்க!” பல் டாக்டர் பாதி எழுந்தே விட்டார். “என் பேஷண்டுங்க பல் பிடுங்கக்கூட பயப்படறதில்ல, லிஃப்ட்ல ஏறத்தான் பயப்படறாங்க!”

அறையே சிரித்தது. லிஃப்டுக்காரம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆனால் அந்த வேலையைக் கொடுக்க வேண்டியவர் கட்டிடச் சங்கச் செயலாளர். டாக்டர் பேசினார். “பார்க்கலாம்” என்றாராம். மாதம் இன்னும் முடியவில்லை.

5

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. இந்த மலர் பல் டாக்டரின் வரவேற்பறை மேசையில் கிடக்கும். செயலாளருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி என்று கேள்வி.

ஐயா, வணக்கம். உங்கள் முறை வர இன்னும் நேரமிருக்கிறது. மேலே வரும்போது குலுக்கியதா?

லிஃப்டுக்காரம்மாவின் கார்டை இந்தப் பக்கத்தில்தான் செருகியிருக்கிறேன்.