உறுமல் நின்ற பேருந்து நிலையம்

1

இது ஒரு கட்டுரையாகத்தான் பிறந்திருக்க வேண்டும். நகரங்கள் தங்கள் காற்றை எப்படிச் சுத்தமாக்கிக்கொள்ளலாம் என்று எழுதித் தரும்படி ஒரு பத்திரிகை கேட்டது. மரங்கள், மிதிவண்டிப் பாதைகள், மின்சாரப் பேருந்துகள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதி அக்காவிடம் காட்டினேன். அக்கா மருத்துவமனையில் நெஞ்சுநோய்ப் பிரிவுச் செவிலியர். பாதியிலேயே காகிதத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதைப் படிச்சா எனக்கே மூச்சு முட்டுதுடி. ஒரு மனுஷன்கூட இல்லையே இதுல?"

"கட்டுரைக்கு எதுக்குக்கா மனுஷங்க?"

"அப்ப அந்தப் புகையை யாரு சுவாசிக்கிறாங்களாம்?"

கிழித்துப் போட்டேன். எழுத வேண்டியது அவள் வீட்டிலேயே நடந்திருந்தது.

2

தொடக்கம், முதல் முயற்சி: நகரத்தின் நுரையீரலுக்குள் கருமை மெல்ல மெல்ல—

வேண்டாம். நுரையீரலைப் பற்றி நான் எழுதினால் அக்கா சிரிப்பாள்.

இரண்டாம் முயற்சி: பேருந்து நிலையத்தில் வண்டிகளின் நேரம் அறிவிக்கும் பெண்ணை எல்லோரும் 'மைக் அக்கா' என்பார்கள்.

இது தேறும். தொடர்கிறேன்.

நடைமேடைகளின் நடுவே ஒரு சின்னக் கூண்டு. அதற்குள் அவர். சுற்றிலும் கிளம்பக் காத்திருக்கும் பேருந்துகள், எஞ்சினை அணைக்காமல் உறுமியபடி. அந்தச் சத்தத்தை மீற அவர் உரக்கப் பேச வேண்டும். உரக்கப் பேச ஆழமாக மூச்சிழுக்க வேண்டும். இழுத்தால் உள்ளே போவது புகை. அந்த ஆண்டு அவர் திரும்பத் திரும்ப அக்காவின் வார்டுக்கு வந்து படுத்தார்.

[மாமாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்காவின் கணவர், அதே நிலையத்தில் ஓட்டுநர். கதைக்காக நான் செய்த ஏற்பாடு என்று நினைக்காதீர்கள். நான் எழுத வருவதற்கு முன்பே அவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.]

3

சாப்பிடும்போது அக்கா பேச்சை எடுத்தாள். நானும் இருந்தேன்.

"மைக் அக்கா மறுபடி வந்துட்டாங்க. ஆக்ஸிஜன் வச்சிருக்கு. இந்த வேலையே வேணாம், விட்டுடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

மாமாவின் கை தட்டிலேயே நின்றது. "அவங்க குரல் இல்லாம என்ன பஸ் ஸ்டாண்டு அது?"

"சும்மா நிக்கிறப்ப எஞ்சினை ஏன் ஓட விடுறீங்க?"

"நான் ஒருத்தன் மட்டுமா விடுறேன்?"

"நான் உங்களைத்தானே கட்டிக்கிட்டேன். மத்தவங்களை எப்படிக் கேக்குறது?"

அவருக்கும் காரணம் இருந்தது. பழைய வண்டி, செத்துப்போன பேட்டரி. அணைத்தால் மறுபடி கிளம்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கிளம்பாவிட்டால் பயணிகள் திட்டுவார்கள், மேலாளர் மெமோ கொடுப்பார்.

ஆனாலும் மறுநாள் காலை மாமா எஞ்சினை அணைத்தார்.

வண்டி கிளம்பவில்லை. பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கித் தள்ளினார்கள். மற்ற ஓட்டுநர்கள் ஜன்னல் வழியே தலை நீட்டி விசிலடித்தார்கள். அவர்களில் நெட்டையர் ஒருவர், "என்ன அண்ணே, வண்டிக்கு நடை பழக்குறீங்களா?" என்று கத்தினார். நிலையமே சிரித்தது.

4

இங்கே மேலாளரை வில்லனாக எழுதியிருந்தேன். முறுக்கு மீசை, மேசைமேல் ஓங்கிய கை எல்லாம் கொடுத்து. அதைப் படித்துவிட்டு மாமா, "அந்த மனுஷனுக்கு மீசையே கிடையாதும்மா" என்றார்.

நடந்தது இதுதான். மேலாளர் கூப்பிட்டு அனுப்பியதும் மாமா உள்ளே போய் நின்றார். "மெமோ குடுங்க சார், வாங்கிக்கிறேன். கூடவே ஒரு பேட்டரியும் குடுங்க. நாளைக்கும் நான் அணைக்கத்தான் போறேன்."

"யாருக்காகய்யா இவ்வளவு வம்பு?"

"மைக் அக்காவுக்காக சார்."

அந்தக் குரல் மேலாளர் அறைக்கும் நாளெல்லாம் கேட்பதுதான். பேட்டரி ஒன்று அனுப்பச் சொல்லி அவர் பணிமனைக்குப் போன் செய்தார்.

(வில்லன் போய்விட்டான். கதைக்கு நஷ்டம், ஊருக்கு லாபம்.)

5

மைக் அக்கா வேலையை விடவில்லை. "வீட்ல உக்காந்து சுவத்துக்கா அறிவிப்பேன்?" என்று சொல்லிவிட்டுக் கூண்டுக்குத் திரும்பினார். வந்த அன்றே, சத்தமில்லாமல் நிற்கும் மாமாவின் பேருந்தைப் பார்த்தார். ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகள் கவனத்துக்கு. மூன்றாவது நடைமேடையில எஞ்சினை அணைச்சு நிக்கிற ஓட்டுநருக்கு என் நுரையீரல் சார்பா நன்றி."

சிரிப்பு எழுந்தது, பின்னாலேயே கைதட்டல். புது பேட்டரி ஏமாற்றவில்லை. வண்டி ஒரே திருகில் கிளம்பியது.

அதன்பிறகு விஷயம் மாமாவின் கையை விட்டுப் போய்விட்டது. "அக்கா, நானும் அணைச்சுட்டேன், என்னை ஏன் சொல்லல?" என்று ஓட்டுநர்கள் கூண்டை மொய்த்தார்கள். பேட்டரி கேட்டு மேலாளர் அறைமுன் வரிசை நின்றது. அணைக்காத வண்டியில் பயணிகளே, "டிரைவர், எஞ்சின்!" என்று குரல் கொடுத்தார்கள்.

கடைசியாக உறுமிக்கொண்டிருந்தது அந்த நெட்டையரின் பேருந்து. ஒரு நாள் காலை, மொத்தக் கூட்டமும் தன்னையே பார்ப்பதை உணர்ந்து அவர் சாவியைத் திருப்பினார்.

அமைதி—

இந்த வாக்கியத்தை முடிக்கப் பலமுறை முயன்றுவிட்டேன். யாரோ தும்மியது நிலையத்தின் அந்தக் கோடி வரை கேட்டது என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

மைக் அக்கா ஒலிவாங்கியை எடுத்தார். யோசித்தார். கீழே வைத்துவிட்டு வெளியே வந்து, வெறும் குரலில் அடுத்த பேருந்தை அறிவித்தார். எல்லோருக்கும் கேட்டது. நிலையம் விசிலடித்துக் கொண்டாடியது.

மாமா கண்ணைத் துடைத்தார். "தூசி" என்றார்.

"அதான் தூசியே இல்லையேங்க" என்றாள், இரவு வேலை முடிந்து அங்கே வந்திருந்த அக்கா.

6

முடிவு அ: விழா, மாலை, கேடயம். [அடித்துவிட்டேன். அப்படி எதுவும் நடக்கவில்லை.]

முடிவு ஆ: எஞ்சினை அணைப்பது எல்லா நிலையங்களுக்கும் விதியானது. மின்சாரப் பேருந்துகள் வந்தபோது முதலில் இங்கேதான் வந்தன. அக்காவின் வார்டில் கட்டில்கள் காலியாகிவிடவில்லை; ஆனால் பழைய முகங்கள் அடிக்கடி திரும்புவதில்லை. [இது உண்மை. ஆனால் முடிவு இல்லை.]

ஏனென்றால் நிலையத்தில் யாரும் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மருத்துவமனைச் சாலையில் இனிக் கார்கள் வேண்டாம்; நடப்பவர்கள், மிதிவண்டிகள், பேருந்துகள், ஆம்புலன்ஸ் போதும் என்று கேட்கப் பகுதிப் பொதுக்கூட்டத்துக்குப் போனோம். அரங்கு வழிந்தது. வணிகர்கள் எதிர்த்தார்கள், அக்கா பதில் சொன்னாள், மேலாளரே எழுந்து ஆதரித்தார்.

"சம்மதம்ங்கிறவங்க கை தூக்குங்க" என்றார் கூட்டத் தலைவர்.

முன்வரிசையில் மைக் அக்காவின் கை. அருகில் நெட்டையரின் கை. எதிர்த்துப் பேசிய மருந்துக்கடைக்காரர் தயங்கித் தயங்கி உயர்த்திய கை. பின்னால் கைகள் காடுபோல எழும்பிக்கொண்டிருந்தன.

இங்கே நான் பேனாவை வைக்கிறேன். கைகளை நான் எண்ணப்போவதில்லை. நீங்கள் எண்ணுங்கள், உங்கள் கையையும் சேர்த்து.