மருந்துண்ண நல்ல நாள்

1

இந்தக் கதை ஒரு பஞ்சாங்கத்திலிருந்து வந்தது. 'மருந்துண்ண நல்ல நாள்' என்று அதில் ஒரு பக்கம். எந்த மருந்து என்று போட்டிருக்கவில்லை. அதை நான் முடிவு செய்தேன்: ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்.

முதல் வாக்கியம் இப்படி இருந்தது: 'மயிலாப்பூரில் அந்தி சாயும் வேளையில், கோபுரத்துப் புறாக்கள்'

அடித்துவிட்டேன். புறாக்களுக்கு இங்கே வேலை இல்லை.

2

1997. ஜலஜா மயிலாப்பூரில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள். வயது நாற்பத்தொன்பது. தை மாதம் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்தாகிவிட்டது. அதிலிருந்து திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிறது. அது பரவாயில்லை. சரணத்தின் நடுவில் அடுத்த வரி வராமல் நிற்கிறதே, அதுதான் பயம். அவள் அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. கடைசியில் பெற்ற மகளைப் பார்த்து, "மாமி, நீங்க யாராத்துல இருக்கேள்?" என்று கேட்டாள்.

தி.நகரில் டாக்டர் ஷீலா ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எழுதினார்.

"இது சூட்டுக்கு. மூளைக்கும் நல்லதுன்னு சிலர் சொல்றாங்க. ஆனா சீக்கிரம் ஆரம்பிக்கணுமாம். வருஷக்கணக்கா விட்டுட்டுப் போட்டா பிரயோஜனமில்லையோன்னு ஒரு சந்தேகம்."

"நிச்சயமாவா டாக்டர்?"

"சந்தேகம்தான் நிச்சயம்."

(இந்த டாக்டரை எனக்குப் பிடித்திருக்கிறது. இன்னும் பேசவிட்டால் கதை கட்டுரையாகிவிடும். வெளியே அனுப்பிவிட்டேன்.)

3

கணவர் வெங்கடரமணன், பாலங்கள் கட்டி ஓய்வுபெற்ற பொறியாளர். மாத்திரை அட்டையை வாங்கி வந்து சுவாமி அலமாரியில் வைத்தார்.

"இன்னிக்கு அஷ்டமி."

"நாளைக்கு?"

"நவமி."

"அப்புறம்?"

"ஆடி பொறந்துடறதே."

"ஏன்னா, சீக்கிரம் ஆரம்பிக்கணும்னு டாக்டர் சொன்னாளே!"

"அதுக்காக அஷ்டமியிலயா?"

ஆடி போயிற்று. ஆவணியில் ஒரு நாள் கிடைத்தது. அன்று அவருக்குச் சந்திராஷ்டமம்.

"மாத்திரை எனக்குன்னா!"

"ஆத்துக்குத் தலைவன் யாரு?"

(இவரைக் கோமாளியாக்கிவிட்டேனோ? ஒரு திருத்தம்: அறுவை சிகிச்சைக்கும் இவர்தான் நாள் பார்த்தார். நல்லபடியாக முடிந்தது. இவர் பக்கம் ஒரு சான்று இருக்கிறது. டாக்டர் பக்கம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.)

4

ஜலஜா இவ்வளவு சாதுவா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவள் என்னிடமும் சொல்லவில்லை.

அந்த அஷ்டமியன்றே லஸ் முனை மருந்துக் கடைக்குப் போய் இன்னொரு அட்டை வாங்கிவிட்டிருந்தாள். அட்டை சரசரக்கும். அதனால் மாத்திரைகளைப் பிதுக்கிப் பெருங்காய டப்பாவில் போட்டாள். முதல் மாத்திரை ராகு காலத்தில். அப்புறம் தினம் காலையில், ரசத்துக்குப் பெருங்காயம் எடுக்கும்போது ஒன்று. தீரத் தீர வாங்கிக்கொண்டாள்.

சரணங்கள் திரும்பினவா? சில திரும்பின. மாத்திரையாலா, தைரியத்தாலா, தெரியவில்லை.

(இங்கே முடித்தால் பத்திரிகையில் உடனே போடுவார்கள். ஆனால்)

5

ஐப்பசி, வெள்ளிக்கிழமை. வெங்கடரமணன் குளித்து விபூதி இட்டு, ஒரு மாத்திரையும் வெள்ளி டம்ளரில் தண்ணீருமாக வந்தார்.

"அமிர்த யோகம். மருந்துண்ண உத்தமம்னு போட்டிருக்கு. கிழக்க பார்த்து உக்காரு. பத்தரைக்கு ராகு காலம் வந்துடும்."

ஜலஜா உட்கார்ந்தாள். உள்ளங்கையில் மாத்திரை.

காலையில் ஒன்று போட்டுக்கொண்டோமா?

ரசம் வைத்தது நினைவிருந்தது. டப்பாவைத் திறந்ததும் நினைவிருந்தது. மாத்திரை வாய்க்குப் போனது இன்றா, நேற்றா? ஏப்பம் விட்டுப் பார்த்தாள். பெருங்காயம். அது ரசமாகவும் இருக்கலாம்.

"என்னடி யோசனை?"

மறந்துபோச்சு என்றால், எது என்று கேட்பார்.

(ஒரே நாளில் இரண்டு விழுங்கினால் ஆபத்தா? டாக்டர் ஷீலாவை உள்ளே கூப்பிட்டுக் கேட்டேன். ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகாது என்றார். ஜலஜாவின் பயம் அதுவல்ல என்று நான் அவரிடம் சொல்லவில்லை.)

போட்டாளா இல்லையா என்பது எழுதியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாலாம் பகுதியைத் திரும்பப் படித்தேன். இந்தக் காலை அதில் இல்லை. எழுத மறந்திருக்கிறேன்.

நீங்கள்தான் சொல்ல வேண்டும். விழுங்கட்டுமா? இல்லை, "மாமி" என்று கூப்பிட்ட அம்மாவைப் பற்றி முதன்முதலாக அவரிடம் வாய் திறக்கட்டுமா?

மணி பத்து இருபத்தெட்டு. நன்றாக யோசியுங்கள். ஆனால் சீக்கிரம்.