ஏழாம் அத்தியாயத்துச் சீட்டு

வாசகர் விருதுக்கான இணைய ஓட்டெடுப்பு முடிய ஒரு மணி நேரம் இருந்தபோது, துப்பறியும் நாவலாசிரியர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தன் வீட்டு வரவேற்பறை சோபாவின் நுனியில் உட்கார்ந்து பல் டாக்டரிடம் போனில் ஓடிபி கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் வேலையில் இருந்தார். போனுக்குப் பின்னால் யாரோ வாய் கொப்பளித்துத் துப்பும் சத்தம் கேட்டது.

“நான் இன்னும் புக் படிக்கலியே சார்.”

“அதை மெதுவா படிச்சுக்கலாம் டாக்டர். இப்ப அந்த ஆறு நம்பரை மட்டும் சொல்லுங்க.”

டாக்டர் சொன்னார். நாவலாசிரியர் தட்டினார். ஓட்டுப் போடும் பக்கத்தில், ‘இந்த நூலை நான் படித்திருக்கிறேன்’ என்று ஒரு வரியும் அதன் முன்னால் ஒரு கட்டமும் உண்டு. டிக் அடித்தால்தான் அடுத்தது திறக்கும். ஐந்து நாளில் அந்தக் கட்டத்தை அவர் அறுபத்துமூன்று பேருக்காக டிக் அடித்திருந்தார்.

முதல் நாள் அவருக்கும் கௌரவம் இருந்தது. ‘தகுதியான நூலுக்கு வாக்களியுங்கள்’ என்று மட்டும் முகநூலில் எழுதினார். இரண்டாம் நாள், ‘என் நாவலும் பட்டியலில் உள்ளது’ என்று நினைவூட்டினார். மூன்றாம் நாள் கைகூப்பிய தன் படத்தைப் போட்டார். நான்காம் நாளிலிருந்து தையல்காரர், லிஃப்ட் ரிப்பேர்காரர், மைத்துனனின் அலுவலகத்தில் பாதிப் பேர் என்று ஆளாளுக்குப் போன் போட்டார். ஆசை வெட்கம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இருபத்தாறு வருஷத்தில் நாற்பத்திரண்டு நாவல். புத்தகக் கடையில் அவர் புத்தகங்களை அலமாரியில் வைக்கமாட்டார்கள். பில் போடும் மேஜை ஓரத்தில், மிட்டாய் டப்பாவுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். இலக்கியக் கூட்டத்துக்குப் போனால், ‘இப்பவும் எழுதறீங்களா?’ என்று குசலம் விசாரிப்பார்கள். இந்த வாசகர் விருதின் இறுதிப் பட்டியலில்தான் முதன்முறையாக அவர் பெயர் வந்திருக்கிறது. ஒரே ஒரு தடவை மேடையேறிவிட்டால் போதும், செத்தாலும் எழுத்தாளன் என்று பேப்பரில் போடுவார்கள். அவருக்கு வேண்டியதெல்லாம் அதுதான். பேய்க்கதை எழுதும் ஒரு பெண் பதினொரு ஓட்டு முன்னால் நின்றாள்.

அப்போதுதான் மனைவியின் போன் கண்ணில் பட்டது. நர்ஸாக இருக்கும் அவள் காலை டியூட்டி முடிந்து வந்து குளித்துக்கொண்டிருந்தாள். போன் சார்ஜில் கிடந்தது. ஊரெல்லாம் பிச்சை எடுத்துவிட்டு வீட்டு ஓட்டை விட்டுவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டு, அவள் எண்ணைத் தன் போனில் தட்டினார்.

‘இந்த எண்ணிலிருந்து ஏற்கெனவே வாக்குப் பதிவாகிவிட்டது. நன்றி.’

கேட்காமலே போட்டிருக்கிறாள். யார் யாருக்கோ பல்லைக் காட்டினோமே, வீட்டில் ஒருத்தி சத்தமில்லாமல் செய்துவிட்டுக் கம்மென்று இருக்கிறாளே என்று நெகிழ்ந்துபோனார். ஓட்டுக்கு நன்றி சொல்லி எல்லோருக்கும் ஒரு குறுஞ்செய்தி வரும். அதைப் பார்க்கும் ஆசையில் அவள் போனைத் திறந்தார். செய்தி இருந்தது. அதில் பேய்க்கதைக்காரியின் நாவல் பெயர் இருந்தது.

அவள் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அவர் போனை நீட்டிக்கொண்டு நின்றார். அவருடைய இன்ஸ்பெக்டர் கடைசி அத்தியாயத்தில் சாட்சியத்தை இப்படித்தான் நீட்டுவார்.

“என்ன இது?”

அவள் பார்த்தாள். “ஓட்டு.”

“யாருக்குன்னு பாரு.”

“தெரியும். நான்தானே போட்டேன். படிச்சிருக்கேன்னு டிக் பண்ணச் சொன்னாங்க. நைட் டியூட்டியில அதைப் படிச்சு பயந்துபோய், பாத்ரூம் போகக்கூட இன்னொரு நர்ஸைக் கூட்டிட்டுப் போனேன்.”

“அப்ப என் புத்தகத்தைப் படிக்கலியா?”

“நீங்க எங்க குடுத்தீங்க?”

அவருக்குச் சுருக்கென்றது. அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கையெழுத்துப் பிரதியை ஏழாம் அத்தியாயம் வரை அவளிடம் கொடுப்பார். அவள் படித்துவிட்டுக் கொலைகாரன் யாரென்று ஒரு சீட்டில் எழுதி, மடித்து, பிஸ்கட் டப்பாவில் போடுவாள். நாவலை முடித்தபின் அவர் பிரித்துப் பார்ப்பார். அவள் சொன்னது சரியாக இருந்தால் கொலைகாரனை மாற்றிவிடுவார். அவள் புண்ணியத்தில் இதுவரை ஒன்பது பேர் தூக்குக்கயிற்றிலிருந்து தப்பியிருக்கிறார்கள். ஒன்பது அப்பாவிகள் மாட்டியிருக்கிறார்கள். இந்த நாவலுக்கு மட்டும் அவர் பிரதியைக் கொடுக்கவில்லை. பதிப்பாளர் அவசரப்படுத்துகிறார், நேரமில்லை என்றார். அதில் பாதிதான் உண்மை.

“வீட்டுல அச்சான பிரதி இருபது கிடக்குதே. எடுத்துப் படிக்க வேண்டியதுதானே?”

“படிச்சேன். ஏழாவது முடிஞ்சதும் சீட்டும் எழுதிப் போட்டேன். நாலு மாசமாச்சு. நீங்கதான் டப்பாவைத் திறக்கவே இல்ல.”

அவள் துண்டை நாற்காலியில் போட்டாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

டப்பா புத்தக அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. பழைய சீட்டுகளுக்கு மேலே ஒன்று புதிதாக, மருந்துக் கம்பெனிக் குறிப்புத்தாளில், நான்காக மடித்துக் கிடந்தது. பிரித்தார். நோயாளிக்கு மருந்து வேளை குறித்துக்கொடுக்கும் அதே நிதானமான கையெழுத்து.

‘கணக்கர்தான். பதினாலாவது நாவல்லயும் அவர்தான். அப்ப பஸ், இப்ப ரயில். மத்தபடி ஏழு அத்தியாயமும் அப்படியே இருக்கு. யார்கிட்டயும் சொல்லல.’

பழைய கள், புது மொந்தை. சரக்கு தீர்ந்துபோன ஒரு மழைக்காலத்தில், யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது என்று செய்த வேலை. பதிப்பாளருக்குத் தெரியவில்லை. பட்டியல் போட்டவர்களுக்குத் தெரியவில்லை. அவர் டிக் அடித்துக்கொடுத்த அறுபத்துமூன்று பேருக்கும் தெரிய வழியே இல்லை. தன் நாற்பத்திரண்டு நாவலையும் வரி விடாமல் படித்த ஒரே வாசகி எதிரே நின்று தலை சீவிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும் என்று பயந்துதான் அவளிடம் கொடுக்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவமானத்தில் அவருக்குக் காது மடல் சுட்டது.

“கேட்டிருக்கலாமே நீ,” என்றார், மெதுவாக.

“நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பார்த்தேன்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். போன் அடித்தது. மைத்துனன்.

“மாமா, எங்க மேனேஜர், அவர் சம்சாரம், டிரைவர், மூணு பேரையும் பிடிச்சு வெச்சிருக்கேன். அவங்க நம்பரை அனுப்பியிருக்கேன், போட்டு விடுங்க. ஓடிபி வர வர நான் சொல்றேன். கால் மணி நேரந்தான் இருக்கு, சீக்கிரம்.”

பின்னால் யாரோ எந்தப் புத்தகம் என்று கேட்பதும், ஏதோ புத்தகம் என்று மைத்துனன் சொல்வதும் கேட்டது. நாவலாசிரியர் மனைவியைப் பார்த்தார். சீப்பு அவள் கூந்தலில் பாதியில் நின்றிருந்தது. அவர் சோபாவில் உட்கார்ந்தார். மூன்று எண்களையும் ஒவ்வொன்றாகத் தட்டினார்.

“வந்துடுச்சு மாமா. மூணையும் சொல்றேன், குறிச்சுக்கோங்க.”

அவர் மேஜையைத் துழாவினார். பேனா இல்லை. அவள் ஹேண்ட்பேக்கைத் திறந்து, வார்டில் எழுதும் பேனாவை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

“ம், சொல்லு,” என்றார்.

கையில் இருந்த சீட்டைத் திருப்பிப் போட்டு, அவளுடைய எழுத்து லேசாகத் தெரிந்த வெற்றுப் பக்கத்தில், நாலு, ஒன்பது, ஒன்று என்று எழுத ஆரம்பித்தார்.